சுகிர்தாவின் மகள்

யதுஷாவை முதன்முதலில் எடை போட்டது வெற்றிச்செல்விதான். அது 2012ஆம் வருஷம். பெரம்பலூர் ஓரத்தில் இருந்த இலங்கைத் தமிழர் முகாமை ஒட்டிய அங்கன்வாடியில் அவள் டீச்சர். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையைத் துணியோடு சேர்த்துத் தராசுத் தொட்டிலில் கிடத்தியதும், அது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"ரெண்டு எழுநூறு இருக்கு. நல்ல எடைதான்."

"துணியையும் சேத்துச் சொல்றீங்களே டீச்சர். அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள் குழந்தையின் தாய் சுகிர்தா.

எந்தத் தாயும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. வெற்றிச்செல்வி துணியை உருவிவிட்டு மறுபடி எடை போட்டாள். சரியாக இரண்டரைக் கிலோ. அன்றிலிருந்துதான் இரண்டு பெண்களுக்கும் பழக்கம்.

வெற்றிச்செல்விக்குப் பிறந்த வீடு உடையார்பாளையம் பக்கம். முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம். இருபத்திரண்டு வயதில் எறையூர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த உத்திராபதிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பத்து வருஷம் திருச்சியில் இரண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்கள். பிள்ளை தங்கவில்லை. ஒரு நாள் திருச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உத்திராபதி, "போதும் வெற்றி. ஒன் ஒடம்பு தாங்காது" என்றான். அவளும் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் எழவில்லை.

அங்கன்வாடியில் காலையிலிருந்து பிள்ளைகளின் சத்தம் காதை அடைக்கும். மூன்று மணிக்கு மேல் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். கடைசிப் பிள்ளையும் போனபிறகு பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்துகிற அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுக்குக் கஷ்டம். அந்த நேரத்தில் சுகிர்தா அங்கே இருக்க ஆரம்பித்தாள். சின்ன வெங்காயம் ஆயவும் களையெடுக்கவும் கூலிக்குப் போய்விட்டு வெயில் தாழ வருவாள். சமையல் உதவியாளர் அனுசுயா ஒரு டம்ளர் டீயை அவளுக்கென்று எடுத்து வைத்திருப்பாள். இரண்டு வயது ஆனால்தான் குழந்தையைச் சேர்க்கலாம் என்பது விதி. யதுஷா ஏழாம் மாதத்திலிருந்தே அங்கேதான் தவழ்ந்தாள்.

சுகிர்தா ஆறு வயதில் தன் தாயோடு படகேறி இந்தப் பக்கம் வந்தவள். அப்பாவும் அண்ணனும் கிளிநொச்சிப் பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டார்கள். தாய் முகாமிலேயே இறந்துபோனாள். கட்டிய புருஷன், இவள் ஆறு மாசம் முழுகாமல் இருக்கும்போது ஆஸ்திரேலியாவுக்கு என்று ஒரு மீன்பிடிப் படகில் ஏறினான். போய்ச் சேர்ந்தானா, கடலோடு போனானா என்று ஒரு தகவலும் இல்லை. சுகிர்தா அதைப்பற்றி அழுது வெற்றிச்செல்வி பார்த்ததில்லை. யாராவது பரிதாபப்பட்டுக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

யதுஷாவுக்கு மூன்று வயது நடக்கும்போது சுகிர்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் இதய வால்வு பழுது என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி குறித்தார்கள். 2017 மாசியில், மறுபடி குறித்த அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தண்ணிக் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே உட்கார்ந்தாள். எழவில்லை.

முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளர் வாயளவில் ஒரு அனுமதி கொடுத்தார். "ஒறவுக்காரங்க யாருன்னு தெரியற வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். எழுத்துல எல்லாம் எதுவும் கேக்காதீங்க." அப்படி வந்து சேர்ந்த குழந்தை எட்டு மாதம் அவர்கள் வீட்டில் இருந்தது.

அந்த எட்டு மாதத்தில் உத்திராபதி ஆளே மாறிப்போனான். ஆலைக்கு வரும் கரும்பு லோடிலிருந்து ஒரு கழியை உருவிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து தோலைச் சீவி, விரல் நீளத்துக்குத் துண்டு போட்டுக் கொடுப்பான். யதுஷா வெற்றிச்செல்வியை எல்லாப் பிள்ளைகளையும் போல டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டாள். அதை வைத்து உத்திராபதியை டீச்சரப்பா என்றாள். தெருவே சிரித்தது. அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்கலாமா என்று வெற்றிச்செல்விக்கு ஆசை வரும். சுகிர்தாவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள்.

ஐப்பசியில் தகவல் வந்தது. சுகிர்தாவின் அண்ணன் இருக்கிறார், தங்கை மகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். தாயகம் திரும்புகிற ஒரு குடும்பத்தோடு பிள்ளையையும் அனுப்ப ஏற்பாடு நடக்கிறது.

வெற்றிச்செல்வி கலெக்டர் ஆபீஸுக்குப் போனாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை நம்ம நாட்டுப் பிரஜை இல்லம்மா. இங்க பொறந்தாலும் அது இலங்கைப் பிள்ளைதான். தாய்மாமன் உசுரோட இருந்து கேக்குறாரு. எந்தச் சட்டத்துல நான் ஒங்களுக்குத் தத்துக் குடுக்க முடியும் சொல்லுங்க."

"நான் பொறந்ததுலேருந்து பாத்த புள்ளைங்க அது."

"தெரியுதும்மா. தத்தெடுக்கணும்னா இங்கயே பதிவு பண்ணிட்டுக் காத்திருங்க. நாலஞ்சு வருஷத்துல ஒரு பிள்ளை கிடைக்கும்."

"எனக்குப் புள்ளை வேணும்னு வரலைங்க. இந்தப் புள்ளை வேணும்னு வந்தேன்."

அதிகாரி எழுந்து வந்து அவள் தோளில் கைவைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. வெற்றிச்செல்வி அதோடு விடவில்லை. முகாம் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். சென்னைக்கு ஒரு மனு, டெல்லிக்கு ஒரு மனு. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. உரிய அலுவலகத்தை அணுகவும் என்று.

திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது. பிளேனில் போகப்போகிறோம் என்ற குஷியில் யதுஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டிப்போன பெண்ணின் கையைப் பிடித்துக் குதித்துக் குதித்துப் போனாள். அழாமல் போனாளே என்று உத்திராபதி சமாதானம் சொன்னான். பஸ் சமயபுரம் தாண்டியது, பாடாலூர் தாண்டியது, சிறுவாச்சூர் தாண்டியது. வெற்றிச்செல்வி மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். குழந்தை குடித்து மீதம் வைத்த தண்ணீர் அது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஒரு தகவலும் இல்லை. கூட்டிப்போன குடும்பம் கொழும்பில் பிள்ளையை மாமனிடம் ஒப்படைத்துவிட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டது. உத்திராபதி ஒருமுறை மெல்ல ஆரம்பித்தான். "அந்த ஆபீஸரம்மா சொன்ன மாதிரி இங்கயே பதிவு பண்ணி வைப்பமா?" அவள் முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். நாத்தனார் லீலாவதி நேரடியாகவே கேட்டாள். "ஏன் அண்ணி, நம்ம ஊருல இல்லாத புள்ளையா? கடலத் தாண்டிப் போனத நெனச்சுக்கிட்டு இப்புடி எளைச்சுப் போறீங்களே." அவள் சொன்னதில் தப்பு இல்லை என்று வெற்றிச்செல்விக்கும் தெரியும். ஆனால் மனசு அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்றது.

2019இல் முகாமிலிருந்து திரும்பிப் போன இன்னொரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் அனுப்பினாள். மாமனுக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள், கூலி வேலை. யதுஷாவைக் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறுமியர் இல்லத்தில் சேர்த்துவிட்டாராம். அந்த இல்லத்தின் நம்பர் அது.

எடுத்துப் பேசியவர் இல்லத்தின் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. வெற்றிச்செல்வி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நீங்கள் கேக்கிறது விளங்குது. ஆனால் பிள்ளையைத் தத்துக் குடுக்கேலாது. மாமன் ஒவ்வொரு மாதமும் வந்து பாக்கிறவர். இனமும் சனமும் மண்ணும் இருக்கிற பிள்ளையைப் பிடுங்கி வேற நாட்டுக்கு அனுப்புறது எங்கட வேலை இல்லை. பிள்ளை இஞ்சயே வளரட்டும். அவவின்ர படிப்பை ஏற்கிறதெண்டால் நீங்கள் ஏற்கலாம். கனடா, நோர்வேயில இருந்து அப்பிடி ஆக்கள் ஏற்கினம். இந்தியாவில இருந்து ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லை."

"ஏத்துக்கறேங்க" என்றாள் வெற்றிச்செல்வி.

"சில வரையறைகள் இருக்கு. வருசத்தில ரெண்டு கடிதம், ஒரு படம். நேர பிள்ளையோட போனில கதைக்கேலாது. அம்மா எண்டு போட்டு எழுதக்கூடாது. பிள்ளையள் பிறகு ஏங்கிப் போகுங்கள்."

அதற்கும் சரி என்றாள்.

முதல் கடிதம் தை மாதம் வந்தது. பிள்ளை கையால் எழுதியதைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தார்கள். வெற்றிச்செல்வி பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதைக் காகிதத்தில் எடுத்து மடித்துக்கொண்டு, பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தாள். வழியில் பிரிக்கவில்லை. வீட்டில் உத்திராபதியை உட்காரவைத்துவிட்டுத்தான் படித்தாள்.

"மதிப்புக்குரிய ஆதரவாளர் அவர்களுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் தரம் இரண்டில் படிக்கிறேன். எனக்கு விருப்பமான பாடம் சித்திரம்..."

பெரியவர்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகள் பார்த்து எழுதிய கடிதம் என்று டீச்சர் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா. இருந்தாலும் 'கி'யின் சுழியைப் பெரிதாக வளைத்திருந்த அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதரவாளர்னா யாரு?" என்றான் உத்திராபதி.

"நாமதாங்க."

பதில் எழுதும்போது டீச்சரம்மா என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குத் தடை இல்லை. அடுத்த கடிதத்திலும் ஆதரவாளர் என்றே வந்தது.

வருஷங்கள் போகப் போகக் கடிதங்களில் பிள்ளையின் சொந்தப் பேச்சு தலைகாட்டியது. நாங்கள் குளத்தில் குளிக்கப் போனனாங்கள், நான் சிநேகிதியோடு கோவம் போட்டனான், ரீச்சர் ஏசினவ. நாலரை வயதில் "வூட்டுக்குப் போவோம் டீச்சரம்மா" என்று முந்தானையை இழுத்த குழந்தை அது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வார்த்தையாகப் பெரம்பலூர் அவளை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. வெற்றிச்செல்வி அனுசுயாவிடம் படித்துக் காட்டுவாள். "நம்ம பாஷை மறந்துடுச்சு போல டீச்சர்" என்பாள் அனுசுயா. "அதான அவ அம்மா பாஷை" என்பாள் வெற்றிச்செல்வி. வெளியே அப்படிச் சொன்னாலும் உள்ளே சுருக்கென்றிருக்கும்.

2022இல் அங்கே எல்லாம் நிலைகுலைந்தது. டி.வி.யில் பெட்ரோல் வரிசையையும் மண்ணெண்ணெய் வரிசையையும் காட்டினார்கள். ஆடி மாதக் கடிதம் வரவில்லை. போன் போட்டால் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். அனுசுயா வந்து கரண்டியை வாங்கிக்கொள்வாள். ஐப்பசியில் மங்கையர்க்கரசி பேசினார். "பிள்ளையளுக்குச் சாப்பாட்டுக்குக் குறை வைக்கேல்லை. எழுதக் கொப்பிதான் இல்லை. அதுதான் கடிதம் வரேல்லை" என்றார். வெற்றிச்செல்வி போனை வைத்துவிட்டு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு வருஷம் இழுத்தது. உத்திராபதியின் பெயர் ஓர் ஆவணத்தில் உத்ராபதி என்றிருந்தது, அதைத் திருத்தினார்கள். திருச்சியிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டதும், 2025 ஆவணியில் பள்ளி விடுமுறை பார்த்துப் போனார்கள். ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டி, தண்ணீர் கொடுத்து, டம்ளரை வாங்குவதற்குள் இறங்கச் சொன்னார்கள்.

"ஜெயங்கொண்டம் போறதுக்கு இதவிட நேரமாவும்" என்றான் உத்திராபதி. அதைக் கேட்டதும் வெற்றிச்செல்விக்குக் கண் நிறைந்தது. இவ்வளவு பக்கத்திலா இருந்தாள்.

இல்லத்தில் தையல் மெஷின்கள் போட்டிருந்த நீளமான கூடத்தில் அவர்களை உட்காரவைத்தார்கள். கதவைத் தாண்டி ஒரு பெண் வந்தாள். நெடுநெடுவென்று உயரம், இரட்டைப் பின்னல், பதின்மூன்று வயது.

"வணக்கம் அன்ரி. வணக்கம் அங்கிள். என்ர படிப்புக்கு உதவி செய்யிறதுக்கு மிக்க நன்றி."

சொல்லிக் கொடுத்ததைப் பிழையில்லாமல் சொன்னாள். வெற்றிச்செல்வி எழுந்தாள். கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டினாள். யதுஷா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"படத்தில பாத்திருக்கிறன் அன்ரி."

"சின்னப் புள்ளையில எங்க வூட்டுல இருந்தியே. டீச்சரம்மான்னு கூப்புடுவ."

யதுஷா கூட இருந்த மங்கையர்க்கரசி பக்கம் பார்த்தாள். தெரியாத கேள்விக்கு வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பதைப் போல ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறகு ஏதோ யோசித்து, "ஒரு வாசல்ல இருந்துகொண்டு ஆரோ கரும்பு சீவித் தந்தவை. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

"அது நாந்தான்மா" என்றான் உத்திராபதி. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தலைவாரிவிட்டது நான், குளிப்பாட்டியது நான், காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது நான். ஞாபகம் இருப்பது கரும்பு. வெற்றிச்செல்விக்கு ஒரு நிமிஷம் புருஷன்மேல் பொறாமை வந்தது. அப்புறம் தன்னையே நினைத்து வெட்கப்பட்டாள். உடையார்பாளையத்தில் தன் அண்ணன் கொல்லையில் விளைந்த முந்திரிப் பருப்பைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். யதுஷா மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்கினாள். பரீட்சை, நெட்பால், சித்திரப் போட்டி என்று ஒரு மணி நேரம் போயிற்று. மங்கையர்க்கரசி போன் வந்து எழுந்து வெளியே போனார்.

அவர் போனதும் யதுஷா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அன்ரி, எங்கட அம்மாவை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமாவா? அஞ்சு வருஷம் தெனமும் பாத்தவம்மா நானு."

"மாமாக்குத் தெரியேல்லை. அம்மா ஆறு வயசில போனவ, பிறகு பாக்கவே இல்லை எண்டு சொல்லுறார். இஞ்ச ஒரு அக்கா சொன்னவ, அம்மா என்னை விட்டிட்டு அப்பாட்டை ஆஸ்திரேலியாக்குப் போயிட்டா எண்டு. உண்மையோ?"

தான் இந்தப் பிள்ளைக்கு என்னவாக இருக்கலாம் என்று ஏழெட்டு வருஷமாக ஏங்கியிருந்தாள் வெற்றிச்செல்வி. பிள்ளை யாருக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. நாற்காலியை அவளும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொய். ஒங்கம்மா ஒன்ன வுட்டுட்டு ஒரு நாளுகூட எங்கயும் போனதில்ல. நெஞ்சு வலியோட கெடந்தா, அப்பவும் ஒன்னப் பக்கத்துலயே போட்டுக்குவா. எங்கிட்ட எடை போட வந்த மொத நாளே சண்டை புடிச்சவ அவ."

அங்கே தொடங்கியது அந்தப் பேச்சு. சுகிர்தா சைக்கிள் ஓட்டினால் பின்னால் யாரும் பிடிக்க முடியாது. சினிமாப் பாட்டில் வரிகளைத் தப்பாகத்தான் பாடுவாள், திருத்தினால் கேட்க மாட்டாள். கிணற்றைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நிற்பாள், சிறு வயதில் படகில் வந்த பயம். கூலியைக் குறைத்துக் கொடுத்த ஒரு மேஸ்திரியை அரும்பாவூரில் நடு ரோட்டில் நிறுத்திவைத்துக் கேட்டு வாங்கினாள். கோபக்காரி. அனுசுயாவோடு ஒரு முட்டைக்காகச் சண்டை போட்டு நாலு நாள் பேசாமல் இருந்தாள். அது எல்லாவற்றையும், கடைசியில் எப்படி இறந்தாள் என்பதையும் வெற்றிச்செல்வி மறைக்காமல் சொன்னாள். நல்லதை மட்டும் சொன்னால் பிள்ளை நம்பாது என்று தோன்றியது. யதுஷா வாயைத் திறந்தபடி கேட்டாள். மேஸ்திரி கதையை இரண்டு தடவை சொல்லவைத்தாள். மங்கையர்க்கரசி திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

மறுநாள் கடைசி நாள். பனைமரத்துப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யதுஷா காலால் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா செத்தாப் பிறகு நான் உங்கட வீட்டில இருந்தனான் எண்டு சொன்னனீங்கள். பிறகு ஏன் நீங்கள் என்னை வைச்சிருக்கேல்லை?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று இல்லத்தின் வரையறையில் இருக்கிறது. உன் நன்மைக்காக, உன் உறவுகளோடு வளர்வதற்காக. வெற்றிச்செல்விக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"கேட்டேம்மா. குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"கலெக்டர் ஆபீஸுல கேட்டேன். முகாமுல கேட்டேன். மெட்ராஸுக்கு எழுதுனேன், டெல்லிக்கு எழுதுனேன். இங்க ஒங்க பொறுப்பாளர் டீச்சர்கிட்டயும் கேட்டேன்."

யதுஷா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவ்வளவு பேரிட்டையும் கேட்டனீங்களோ" என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் தோள் வெற்றிச்செல்வியின் கையில் பட்டது. யதுஷா தோளை எடுக்கவில்லை. வெற்றிச்செல்வி அசையவே இல்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

கிளம்பும்போது மங்கையர்க்கரசி வண்டிவரை வந்தார். "நீங்கள் சொன்னது எங்கட வரையறைக்குள்ள இல்லை, அது உங்களுக்கே தெரியும்" என்றார். "ஆனால் இண்டைக்குக் காலமை பிள்ளை தானா வந்து என்னோட தாயைப் பற்றிக் கதைச்சது. ஆறு வருசத்தில இதுதான் முதல் தரம். அதாலை நான் ஒண்டும் சொல்லேல்லை."

யதுஷா இரண்டு பொருள் கேட்டாள். அம்மாவின் படம் ஒன்று. அம்மாவைப் புதைத்த இடத்தின் படம் ஒன்று.

பெரம்பலூர் திரும்பியதும் வெற்றிச்செல்வி முதலில் மயானத்துக்குப் போனாள். ஏரிக்கரை ஓரம் புதைத்தது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அங்கே தகரக் கொட்டகை போட்டு எரிமேடை கட்டியிருந்தார்கள், தரையெல்லாம் சிமெண்ட். இந்த இடம்தான் என்று கைகாட்ட முடியவில்லை. கொட்டகையைத் தாண்டி ஏரியைப் பார்த்தபடி ஒரு படம் எடுத்தாள். இதற்குள் எங்கேயோ உன் அம்மா இருக்கிறாள், சரியான இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை, நான் அப்போதே ஒரு கல்லாவது நட்டிருக்க வேண்டும் என்று எழுதினாள்.

அம்மாவின் படம் லேசில் கிடைக்கவில்லை. முகாமில் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இடம் மாறிவிட்டார்கள். ஒரு வீட்டில் கல்யாண ஆல்பம் இருக்கிறது என்றார்கள், அது மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. கடைசியில் அனுசுயாதான் அங்கன்வாடிப் பரணில் கிடந்த பழைய கோப்புக்குள்ளிருந்து ஒன்றைத் துழாவி எடுத்தாள். தாய்ப்பால் வார விழாவில் எடுத்த குரூப் போட்டோ. வந்திருந்த அதிகாரியின் தோளுக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு சுகிர்தா. சிரிக்கிறாள். இன்னொரு கை வாயை மூடியிருக்கிறது.

பாலக்கரை ஸ்டூடியோக்காரர் அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார். "கைய எடுத்துட்டு வாயி, பல்லு எல்லாம் அழகா வச்சுத் தரலாங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சுடும்" என்றார்.

"வேணாங்க. அவ இப்புடித்தான் சிரிப்பா."

படம் கூரியரில் போயிற்று. கடிதம் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, தையில்தான் வரும் என்று வெற்றிச்செல்வி மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மங்கையர்க்கரசி ஒரு படம் அனுப்பியிருந்தார். கீழே, இது கணக்கில் இல்லாத கடிதம், பிள்ளை விடமாட்டன் எண்டு நிக்கிறாள் என்று ஒரு வரி.

ஜெராக்ஸ் கடைக்குப் போகப் பொறுமை இல்லை. அங்கேயே பாயில் உட்கார்ந்து படித்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய கடிதம் இல்லை இது. அடித்தும் திருத்தியும் இருந்தது.

"டீச்சரம்மாவுக்கு, அம்மாவின் படம் கிடைத்தது. என்ர கட்டில் பக்கம் வைச்சிருக்கிறன். சிநேகிதப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பாத்தவை. எனக்கு அம்மாவின்ர நெற்றி எண்டு சொல்லுகினம். ஏரிப் படமும் கிடைத்தது. சரியான இடம் தெரியாட்டிப் பரவாயில்லை. பதினெட்டு வயது வந்தபிறகு நானே வரலாம் எண்டு இல்லத்து ரீச்சர் சொன்னவ. அதுக்கு இன்னும் நாலு வருசமும் சொச்சமும் இருக்கு. அதுவரைக்கும் நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதி அனுப்புவீங்களோ? ஒண்டும் மறக்காமல் எழுத வேணும். முதல்ல இதைச் சொல்லுங்கோ. அம்மா ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா?"

டீச்சரம்மாவுக்கு என்ற அந்த முதல் வரியில் வெற்றிச்செல்வியின் கண் திரும்பத் திரும்பப் போனது. கடிதங்களில் தான் போட்ட கையெழுத்தைப் பார்த்து எழுதியதா, இல்லை எங்கிருந்தாவது ஞாபகம் வந்ததா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அனுசுயா வந்து, "என்ன டீச்சர், நல்ல சேதியா?" என்றாள். தலையை மட்டும் அசைத்தாள்.

நாலு வருஷம் சொச்சம். அதற்குள் அவளுக்கே ஐம்பதைத் தாண்டிவிடும். பிள்ளை வரும்போது எட்டு மாதம் இருந்துவிட்டுப் போவதற்காக வராது, ஏரியைப் பார்த்துவிட்டுப் போவதற்காக வரும். தெரியும். தெரிந்தும் மனசு இப்போதே திருச்சிக்குப் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டது.

பிள்ளைகள் எழுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருந்த கோடு போட்ட நோட்டை எடுத்து, மேஜை ஆடாமல் காலுக்கு ஒரு அட்டையை மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

"அன்புள்ள யதுஷாவுக்கு. ஒங்கம்மாவுக்கு முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது. முகாமில் பக்கத்து லைன் வீட்டுப் பையன் ஒருவனோடு கொய்யா மரம் ஏறப் பந்தயம் கட்டி, ஒன்பது வயதில் கீழே விழுந்தாளாம். பந்தயத்தில் தான்தான் ஜெயித்தேன் என்று எங்களிடம் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் புது ஆள் யாராவது வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அன்றைக்குப் போட்டோக்காரர் புது ஆள். எங்களோடு இருக்கும்போது மூடவே மாட்டாள்..."